நாலாவது துண்டு

மகளின் பள்ளிச் சட்டை மேசைமேல் மல்லாந்து கிடந்தது. அதன்மேல் அவள் அம்மா காந்தத்தை ஓட்டிக்கொண்டிருந்தாள். பழைய ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய, உள்ளங்கை அகலக் காந்தம். காலரில் தொடங்கி, தோள், கை, பக்கத் தையல், பித்தான் பட்டி, கடைசியில் கீழ் மடிப்பு. ஒரு சட்டைக்கு ஏழு தடவை. ஆறாவது தடவையில் தெருவில் யாராவது ஹார்ன் அடித்துத் தொலைத்தால் எண்ணிக்கை குழம்பிவிடும். மறுபடி ஒன்றிலிருந்து.

மகள் தோளில் துண்டைப் போர்த்திக்கொண்டு வாசல் கதவருகே நின்றாள். ஒன்பதாம் வகுப்பு. கோபம் மூக்குநுனியில் இருக்கிற வயசு.

"அம்மா, பஸ் போயிடும்."

"ஆச்சு கண்ணு. இன்னும் ரெண்டே தடவை."

"நேத்தும் ரெண்டே தடவைன்னுதான் சொன்ன. முதல் பீரியட் பூரா வெளியில நின்னேன்."

கணவன் டீயைக் கையில் வைத்துக்கொண்டு நாற்காலியில் உட்கார்ந்திருந்தான். கம்பெனியில் அவனுக்கு சூப்பர்வைசர் வேலை. லைனில் தைக்கிறவர்கள் அதைச் சுருக்கி 'சூப்பரு' என்று கூப்பிட்டுப் பழகிவிட்டார்கள். அந்தப் பெயருக்கும் அவனுக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது என்பது அவனுக்கே தெரியும். அடுத்து என்ன வரும் என்பதும் தெரியும்.

"என்னங்க."

"ம்."

"அன்னிக்கு ஊசி முழுசா இருந்துச்சா?"

"முழுசா இருந்துச்சு."

"நாலு துண்டும்?"

"நாலு துண்டும்."

"நாலாவதை நீங்க உங்க கண்ணால பார்த்துதானே எடுத்தீங்க?"

"என் கண்ணால பார்த்துதான் எடுத்தேன்."

அவள் மூச்சை விட்டாள். ஏறியிருந்த தோள்கள் இறங்கின. முகத்தில் பழைய முகம் ஒரு நொடி எட்டிப் பார்த்தது. அந்த ஒரு நொடிக்காகத்தான் அவன் வாய் கூசாமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். ஆரம்பத்தில் ஒரு பதில் ஒரு வாரம் தாங்கியது. பிறகு ஒரு நாள். இப்போது செருப்பை மாட்டுவதற்குள் தீர்ந்துவிடுகிறது.

"என்னங்க, அந்த நாலாவது துண்டு..."

"அப்பா, நீங்க பதில் சொல்லச் சொல்லத்தான் அம்மா கேட்டுக்கிட்டே இருக்காங்க," என்றாள் மகள். பாதி காந்தம் ஓட்டிய சட்டையைப் பிடுங்கி மாட்டிக்கொண்டு பித்தான் போடாமலேயே ஓடினாள். அவள் போன திசையைப் பார்த்தபடி மனைவி காந்தத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள். அவனுக்கு அங்கிருந்து எழுந்து போனால் போதும் என்று இருந்தது.

அவர்கள் கம்பெனியில் கைக்குழந்தைகளுக்கான துணி தைக்கிறார்கள். தகரக் கூரைக்குக் கீழே முப்பத்திரண்டு மெஷின். மழை பெய்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது காதில் விழாது, வெயில் அடித்தால் பேசவே தெம்பு இருக்காது. அவள் அங்கே துணி ஓரம் அடிக்கிற ஓவர்லாக் மெஷினில் ஒன்பது வருஷம் இருந்தவள். அவள் போட்ட தையல் இம்மி பிசகாது. அதனால் எல்லாருக்கும் அவள் 'ஸ்கேலக்கா'. புதிதாகச் சேர்ந்தவர்கள் தைத்ததைச் செக்கிங் மேசைக்கு அனுப்புவதற்கு முன்னால் அவளிடம்தான் கொண்டுவந்து காட்டுவார்கள். ஒரு பார்வை பார்த்து, "இங்க ஒரு நூல் உள்ள போயிருக்கு," என்பாள். போயிருக்கும்.

குழந்தைத் துணி என்பதால் ஊசி விஷயத்தில் அங்கே சட்டம் கறார். ஊசி உடைந்தால் உடனே மெஷினை நிறுத்திக் கையைத் தூக்க வேண்டும். ஸ்டோரில் ஓர் அட்டை தருவார்கள். அதில் ஊசியின் படம் அச்சடித்திருக்கும். உடைந்த துண்டுகளைப் பொறுக்கி, படத்தின்மேல் வரிசையாக அடுக்கி, டேப் போட்டு ஒட்ட வேண்டும். படம் முழுசாக நிறைந்தால்தான் புது ஊசி. ஒரு கடுகளவு குறைந்தாலும், சுற்றியிருக்கிற துணி மொத்தத்தையும் ஒதுக்கிவைத்துத் தேட வேண்டும். கிடைக்காவிட்டால் அத்தனையும் குப்பைக்கு.

பதினோரு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவள் ஊசி உடைந்தது. மூன்று துண்டுகள் உடனே கிடைத்தன. நாலாவது, அதாவது முனை, கிடைக்கவில்லை. லைன் நின்றது. முப்பத்திரண்டு பேரும் குனிந்து தேடினார்கள். அவள் முழங்காலில் தவழ்ந்து காந்தத்தால் தரையைத் தடவினாள். வாசலில் லாரி நின்றது. ஆபீஸ் அறையிலிருந்து மேனேஜர் மூன்று தடவை எட்டிப் பார்த்தார், ஒவ்வொரு தடவையும் சூப்பருவைத்தான் பார்த்தார். முக்கால் மணி நேரம் ஆயிற்று. எப்படியும் பேக்கிங்கில் டிடெக்டர் மெஷின் இருக்கிறது, துணிக்குள் ஊசி இருந்தால் அது மணி அடித்துக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அவன் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். ஸ்டோருக்குப் பின்னால் போனான். தேய்ந்துபோன ஊசி ஒன்றை எடுத்துக் கட்டிங் பிளேயரால் அதன் முனையைத் துண்டித்தான். அவளுடையது பதினொன்றாம் நம்பர் ஊசி. அவசரத்தில் கைக்கு வந்தது அதைவிடத் தடித்த பதினாலு.

"கிடைச்சுடுச்சு!" என்று கத்திக்கொண்டு வந்தான்.

லைனே கைதட்டியது. அவள் தரையில் உட்கார்ந்தபடியே அழுதாள். "உங்க கண்ணு கண்ணுதாங்க," என்றாள். அன்று வீடு திரும்பும் வழியில் பஸ்ஸில் அவன் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவன் தூங்குகிறவளின் நெற்றியைப் பார்த்தபடி வந்தான்.

எட்டு நாள் கழித்து, சாப்பிடும்போது அவள் கேட்டாள். "அந்த முனை கொஞ்சம் தடிமனா இருந்த மாதிரி இருந்துச்சே?"

ஒரு நொடிதான். அந்த நொடியில் சொல்லியிருக்கலாம். அவனோ, "உனக்கு எப்பப் பார்த்தாலும் பிரமை," என்று சொல்லிவிட்டுத் தட்டில் குனிந்துகொண்டான். அவள் ஒன்பது வருஷமாக நம்பிய கண்ணை அந்த ஒற்றை வார்த்தையில் பிடுங்கிக்கொண்டோம் என்பது அப்போது அவனுக்கு உறைக்கவில்லை. உறைத்தபோது அவள் வேலையை விட்டு இரண்டு மாதமாகியிருந்தது. எங்கேயோ ஒரு குழந்தைக்கு அந்த முனை குத்தியிருக்குமோ என்று தொடங்கியது, வீட்டுத் துணியில் இருக்குமோ என்று வளர்ந்தது, கடைசியில் தன் விரலிலேயே ஒட்டிக்கொண்டிருக்குமோ என்று வந்து நின்றது. மகளைத் தொட்டுத் தலைவாரி விடுவதை நிறுத்தினாள். அண்ணன் மகளுக்குக் குழந்தை பிறந்து நாற்பது நாளாகியும் போய்ப் பார்க்கவில்லை.

அந்த வருத்தத்தோடுதான் அவள் அண்ணன் ஒரு மழை நாளில் வந்தார். பழைய லாரி மெக்கானிக். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கிரீஸ் போகாத கை. தலையைத் துவட்டிக்கொண்டே ஆரம்பித்தார்.

"என்ன மாப்ளே, என் தங்கச்சிக்கு எங்க வீட்டு வழி மறந்துபோச்சா? பேத்தி பிறந்திருக்கான்னு சொன்னேன். பத்திரிகை அச்சடிச்சு வச்சுக் கூப்பிடணுமா?"

"அதில்ல மச்சான்..."

"என்னை மன்னிச்சிரு அண்ணே," என்று அவள் சமையலறைக் கதவுக்குப் பின்னாலிருந்து சொன்னாள். "எனக்கு அந்தப் பிள்ளையத் தூக்கணும்னு கை துடிக்குது. ஆனா தூக்குனா குத்திடும்."

"எது குத்திடும்?"

"ஊசி முனை."

"உன் கையில எங்கடி ஊசி?"

அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வெளிச்சத்துக்குக் கொண்டுபோனாள். வெளியில் மழை ஓட்டின்மேல் சடசடவென்று கொட்டியது. அண்ணனுக்கு முன்னால் வைத்த முட்டைப் பொரியல் ஆறிப்போயிற்று.

"மாப்ளே," என்றார் கடைசியில், குரலைத் தாழ்த்தி. "எங்கப்பாவை உங்களுக்குத் தெரியாது. வேலைக்குப் போவாரு, தெருமுனை வரைக்கும் போவாரு, திரும்பி வந்து பூட்டை இழுத்துப் பார்ப்பாரு. மறுபடியும் போவாரு. மறுபடியும் வருவாரு. தெருவுல அவருக்குப் பேரே பூட்டு. நாங்க பிள்ளைங்க ஒளிஞ்சு நின்னு எத்தனை தடவைன்னு எண்ணிச் சிரிப்போம். ஒருநாள் பூட்டை இழுத்து இழுத்து விரல்ல ரத்தம் வந்துடுச்சு. அன்னிக்கும் சிரிச்சோம் மாப்ளே." அவர் தட்டை ஒதுக்கினார். "அவருக்கு வைத்தியம் பார்க்கணும்னு எவனுக்கும் தோணல. இவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க. நானும் வர்றேன்."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பார்த்து மாத்திரை எழுதிக்கொடுத்து, ஓ.சி.டி. என்று பெயர் சொல்லி, பக்கத்து அறைக்கு அனுப்பினார். அங்கே ஆலோசனை சொல்கிற அம்மாள் மேசைமேல் எதையோ தேடிக்கொண்டிருந்தார்.

"கண்ணாடி தலைமேல இருக்குங்க," என்றாள் அவள்.

"அப்பா! உங்க கண்ணுக்கு ஒண்ணும் தப்பாது போல," என்று அந்த அம்மாள் சிரித்தார். சூப்பரு தரையைப் பார்த்தான்.

அந்த அம்மாள் ஒரு தாளில் வட்டம் போட்டார். "கேஸை மூடினோமான்னு எனக்கும் தோணும். எல்லாருக்கும் கன்னாபின்னான்னு எண்ணம் வரும், போகும். உங்களுக்கு அது போக மாட்டேங்குது. எண்ணம் வந்ததும் பயம். பயம் தாங்காம காந்தத்தை எடுக்கிறீங்க, இல்ல இவர்கிட்டக் கேக்குறீங்க. உடனே ஒரு நிம்மதி. சரியா?"

"ஆமாங்க. அந்த நிம்மதிக்காகத்தான்."

"அந்த நிம்மதிதான் இதுக்குத் தீனி. 'காந்தம் ஓட்டுனதாலதான் தப்பிச்சோம்'னு மனசு கத்துக்குது. அடுத்த தடவை இன்னும் சத்தமாக் கேக்குது. வட்டம் மறுபடி சுத்துது."

"எனக்கு மட்டும் ஏன்?"

"இதுதான் காரணம்னு ஒண்ணைக் கைகாட்ட முடியாதும்மா. உங்கண்ணன் சொன்னாரே, உங்கப்பாவோட பூட்டு, அது கொஞ்சம் ரத்தத்துல வந்திருக்கலாம். 'போதும், பார்த்தாச்சு'ன்னு சொல்ற இடம் மூளையில கொஞ்சம் மந்தமா இருக்கலாம். எல்லாப் பொறுப்பையும் தலைமேல போட்டுக்கிற சுபாவமும் சேரும். அப்புறம் என்னிக்கோ ஒரு சம்பவம். அது தீக்குச்சி மாதிரி."

தீக்குச்சி என்றதும் அவன் கையிலிருந்த குடையைத் திருகினான்.

"இப்ப மருந்து என்னன்னா, பயம் வரட்டும். வந்து உட்காரட்டும். காந்தம் ஏழுன்னா ஆறு, அப்புறம் அஞ்சு. நீங்க கேட்டா இவர் இனிமே பதில் சொல்லக் கூடாது." அந்த அம்மாள் அவன் பக்கம் திரும்பினார். "முழுசா இருந்துச்சான்னு கேட்டா 'தெரியல'ன்னு மட்டும் சொல்லுங்க. உலகத்துல யாருக்கும் எதுவும் நூத்துக்கு நூறு தெரியாது. தெரியாமலே சோறு சாப்பிடவும் தூங்கவும் அவங்க பழகணும்."

வெளியே வந்து வாசல் வரை நடந்தபின், குடையை வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி அவன் மட்டும் திரும்பிப் போனான். குடை அவன் கையிலேயே இருந்ததை மச்சான் பார்த்தார்.

அந்த அம்மாளிடம் எல்லாவற்றையும் நின்றபடியே கொட்டினான். பிளேயர், பதினாலாம் நம்பர், பிரமை என்ற வார்த்தை வரை.

"அன்னிக்கு டிடெக்டர் மணி அடிச்சுதா?" என்று அந்த அம்மாள் கேட்டார்.

"இல்லீங்க. பேக்கிங் ரிஜிஸ்டரை எடுத்துப் பார்த்தேன். துணியில இல்லைன்னுதான் அர்த்தம். எங்கயாவது கூட்டிப் பெருக்கிக் குப்பைக்குப் போயிருக்கும்."

"எத்தனை தடவை பார்த்தீங்க?"

அவன் விழித்தான். "எதை?"

"ரிஜிஸ்டரை."

"அது... வாரத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை." சொல்லும்போதே குரல் இறங்கியது. "என்னாலதானே அவளுக்கு இப்படி ஆச்சு?"

"நோய் உங்களால வரல. இந்த ஊசி இல்லைன்னா அது வேற ஒண்ணைப் பிடிச்சிருக்கும். ஆனா பொய் உங்களுது. ரெண்டையும் ஒரே மூட்டையாக் கட்டாதீங்க."

"சொல்லிடவா?"

"அவங்க கண்ணு பார்த்ததை இல்லைன்னுட்டீங்க. அதை அவங்ககிட்டத் திருப்பிக் குடுத்துத்தான் ஆகணும். மூணு நாலு வாரம் போகட்டும், கொஞ்சம் கால் ஊனட்டும். ஒண்ணு மட்டும் சொல்றேன். சொன்னதும் உங்க பாரம் இறங்கிடும்னு நினைச்சுக்கிட்டுப் போகாதீங்க."

மறுநாள் காலையில் அவள் கேட்டாள். "என்னங்க, முழுசா இருந்துச்சா?"

அவன் டீ டம்ளரைக் கீழே வைத்தான். "தெரியல."

அவள் முகம் வெளுத்தது. சேலைத் தலைப்பைப் பிடித்துக் கசக்கினாள். பல்லைக் கடித்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். கால் மணி நேரம் இருக்கும். பிறகு வியர்த்த முகத்தோடு திரும்பிச் சிரிக்க முயன்றாள்.

"அந்தம்மா சொல்லிக் குடுத்ததை அப்படியே சொல்றீங்க. எனக்காக எவ்வளவு கஷ்டப்படுறீங்க."

பதினோரு மாதத்தில் அவன் அவளிடம் சொன்ன முதல் உண்மை அந்தத் 'தெரியல'தான். அதை அவள் மருந்தென்று வாங்கி விழுங்கினாள். அவனுக்குச் சுவரில் தலையை முட்டிக்கொள்ளலாம் போல் இருந்தது. செருப்பை மாட்டிக்கொண்டு வேலைக்குப் போனான். லைனில் மெஷின்கள் கடகடத்தன. அவள் உட்கார்ந்த ஓவர்லாக் மெஷினில் இப்போது வேறொருத்தி, தையல் கோணல்மாணலாகப் போய்க்கொண்டிருந்தது. சாப்பாட்டு நேரத்தில் கால்கள் தாமாகப் பேக்கிங் பக்கம் போயின. ரிஜிஸ்டர் மேல் கை வைத்த பிறகுதான் தான் என்ன செய்கிறோம் என்று தெரிந்தது.

நாலு வாரத்தில் ஏழு தடவை இரண்டாயிற்று. நடுவில் ஒருநாள் ஒன்பதாக ஏறி, அழுது, மறுபடி இறங்கியது. மகள் ஒரு காலையில் சீப்பை நீட்டிக்கொண்டு அம்மாவுக்கு முன்னால் முதுகு காட்டி உட்கார்ந்தாள். அம்மா விரல்நுனி பட்டும் படாமலும் தலையைப் பின்னினாள். பின்னல் ஒரு பக்கம் சாய்ந்திருந்தது. "ஸ்கேலக்கா பின்னுன பின்னலைப் பாருங்க," என்று மகள் கேலி செய்தாள். அப்படியே பள்ளிக்கூடத்துக்கும் போனாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை, மகள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். மனைவி முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அவனிடம் உருளைக்கிழங்கும் கத்தியும் கொடுக்கப்பட்டிருந்தன.

"என்னங்க, இன்னிக்கு அண்ணன் வீட்டுக்குப் போலாமா? பிள்ளையத் தூக்க வேணாம். காலை மட்டும் தொட்டுப் பார்க்குறேன்."

அவன் கத்தியைக் கீழே வைத்தான். சொன்னால் அவள் போகமாட்டாள். சொல்லாவிட்டால் பொய்யைத் துணைக்கு வைத்துக்கொண்டு போவாள். நாளைக்குச் சொல்லலாம் என்று வழக்கம்போல் ஓர் எண்ணம் வந்து நின்றது.

"அன்னிக்கு நான் தெரியலன்னு சொன்னேனே," என்றான். "அது வைத்தியத்துக்காகச் சொன்னதில்ல. நிஜமாவே எனக்குத் தெரியல. அந்த நாலாவது துண்டு உன் ஊசியோடது இல்ல. ஸ்டோர்ல இருந்த தேஞ்ச ஊசியை நான்தான் பிளேயரால வெட்டிக் கொண்டாந்தேன்."

முறம் நின்றது.

"எந்த நம்பர்?" என்றாள்.

"பதினாலு."

"தடிமனா இருந்துச்சுன்னேன்."

"ஆமா."

"பிரமைன்னீங்க."

"ஆமா."

அவள் முறத்தைக் கீழே வைத்தாள். தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். பிறகு அலமாரியில் இருந்த காந்தத்தைப் பார்த்தாள். அவள் எழுந்தாள், அலமாரி வரை போனாள், காந்தத்தை எடுத்தாள். அதைக் கையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றாள். நெற்றியில் வியர்வை வழிந்தது.

"ஒரு வருஷமா," என்றாள், "என் கண்ணு எனக்குத் துரோகம் பண்ணுதுன்னு நினைச்சேன். புத்தி பேதலிச்சுப்போச்சுன்னு நினைச்சேன். கண்ணு ஒழுங்காத்தான் பார்த்திருக்கு."

"உன் கண்ணு சரிதான். நான்தான்..."

"பேசாதீங்க. அது எங்கயோ கிடக்கு. இப்ப தேட ஆரம்பிச்சா சாகுற வரைக்கும் தேடுவேன்." காந்தத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள். வைத்த கை அதை விட்டு வருவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. வந்து உட்கார்ந்து முறத்தை மடிக்கு இழுத்துக்கொண்டாள். அழுதபடியே அரிசியில் கல் பொறுக்கினாள்.

அவன் அவள் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தான். "என்மேல கோவமா?"

"கோவந்தான்."

"என்னை மன்னிச்சிருவியா?"

அவள் ஒரு கல்லைப் பொறுக்கி ஓரமாக வைத்தாள். "தெரியல."

"இன்னிக்கே வேணாம். எப்பவாவது மன்னிப்பேன்னு ஒரு வார்த்தை சொல்லு. எனக்கு அது போதும்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபத்தைவிட வேறு ஏதோ இருந்தது. இந்த மாதிரிக் கேள்வியை நாமே எத்தனையோ தடவை கேட்டிருக்கிறோமே என்கிற மாதிரி, வெகுநாள் தெரிந்த ஆளைத் தெருவில் பார்த்த மாதிரி.

"தெரியலங்க," என்றாள் மெதுவாக. "கிழங்கைச் சீவுங்க. சாப்பிட்டுட்டு ரெண்டு மணிக்குக் கிளம்பணும். பிள்ளை தூங்குறதுக்குள்ள போகணும்."

மூன்றாவது தடவையும் அந்தக் கேள்வி அவன் தொண்டைவரை வந்தது. கேட்டுவிட்டால் ஏதாவது ஒரு பதில் கிடைக்கும், தோள் இறங்கும், கொஞ்ச நேரம் தாங்கும். அவன் வாயை மூடிக்கொண்டான். கத்தியை எடுத்து அடுத்த கிழங்கைச் சீவ ஆரம்பித்தான். தோல் சதையோடு பட்டையாகப் போயிற்று. அவள் அதைப் பார்த்துவிட்டு அடுத்த கல்லைப் பொறுக்கினாள்.